வீர்லே படித்ததாகச் சொன்ன மனு

"நீங்க நிஜமாவே ஆளா, இல்ல மெஷினா?" என்று ஒருமுறை தொலைபேசியில் ஒரு பெண் வீர்லேயிடம் கேட்டாள். ஆள்தான் என்று வீர்லே சிரித்தாள். அன்று அவளுக்கு அதில் சந்தேகம் இருக்கவில்லை.

பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்தில், வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் இருந்தாள். வேலை கேட்டு வரும் மனுக்களைக் கணினி இயந்திரமே சலித்துவிடும். அது சொன்னதை ஒரு மனிதர் பார்த்து, தவறென்றால் மாற்ற வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டம் வந்தபோது, அந்த மனிதராக வீர்லேயை உட்காரவைத்தார்கள். ஒரு நாளைக்கு நானூறு மனு. 'சரி' என்றால் ஒரு தட்டு. 'தப்பு' என்றால் ஏழு கட்டம் நிரப்பி, மேலாளர் யோரிஸின் ஒப்புதலும் வாங்க வேண்டும்.

"ஒரு ஆள் இருக்கணும்னுதான் சட்டம் சொல்லுது. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிக்கச் சொல்லல" என்பார் யோரிஸ்.

ஒரு வியாழக்கிழமை காலை, நனைந்த மழைக்கோட்டோடு குஸ்தாஃப் வந்தார். ரொட்டிக்கடையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். கடை மூடிவிட்டது. இந்தக் கம்பெனி வழியாகத் துறைமுகத்து ரொட்டி ஆலைக்கு மனுப் போட்டார், தள்ளிவிட்டார்கள். காரணம் கேட்க அவருக்கு உரிமை உண்டு. கேட்டார். பதில் கடிதம் கையில் இருந்தது.

"'உங்கள் மனுவைப் பன்னிரண்டாம் தேதி நானே முழுவதும் படித்தேன். வீர்லே.' நீங்கதானே அது?"

"என் பேருதான்..."

"அப்ப சொல்லுங்கம்மா. ஒரே அடுப்பு முன்னால பத்தொன்பது வருஷம் நின்னவனுக்குப் புதுசா எதுவும் ஏறாதா?"

வீர்லே திரையில் அவருடைய கோப்பைத் திறந்தாள். தள்ளியதற்குக் காரணமாக இயந்திரம் அப்படித்தான் எழுதியிருந்தது. பன்னிரண்டாம் தேதி அவள் விடுப்பு. பல் மருத்துவரின் நாற்காலியில் கிடந்தாள். அவள் பெயரில் கடிதத்தையும் இயந்திரமே எழுதி அனுப்பியிருக்கிறது. மனுவை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தாள்.

அந்த வேலைக்கான பட்டியல் அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு மூடிவிடும். ஏழு கட்டத்தையும் நிரப்பிக்கொண்டு யோரிஸிடம் ஓடினாள். அவர் காப்பியில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு அரசாங்க அதிகாரிங்க சோதனைக்கு வர்றாங்க. இப்ப மாத்தினா அந்தக் கடிதம் பொய்னு ஆயிடும்."

"பொய்தானே!"

"மெதுவா பேசு. இன்னிக்குப் படிச்சேன், முடிவு சரிதான்னு ஒரு வரி போட்டுடு."

"நான் அங்க வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடக்கிறேன், இங்க என் கையெழுத்து ஒருத்தர் சோத்துல மண்ணைப் போடுது. அதுக்கு நானே சாட்சி வேற சொல்லணுமா? மெஷினுக்குக்கூட இந்தத் துணிச்சல் வராது!"

"சட்டத்தை இவதான் எழுதினா பாரு" என்று யோரிஸ் பிஸ்கட்டைக் கடித்தார். ஒப்புதல் தரவில்லை. திரையில் பட்டியல் மூடிக்கொண்டது.

வீர்லே திரும்பி வந்து, குஸ்தாஃபின் கடிதத்தைப் புரட்டிப் பின்பக்கம் எழுதினாள்: 'பன்னிரண்டாம் தேதி நான் விடுப்பில் இருந்தேன். இந்த மனுவை நான் படிக்கவில்லை. இன்று படித்தேன், இவரைத் தள்ளியது தவறு.' கீழே கையெழுத்துப் போட்டாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு அதிகாரிங்க இதே வாசல்லதான் வருவாங்க. அவங்க கையில குடுங்க."

யோரிஸ் பின்னாலேயே வந்துவிட்டார். "வீர்லே, நாளைக்கு நீ இங்க இருக்க மாட்டே."

"அதனால என்ன? நான் இல்லேன்னாலும் என் கையெழுத்துதான் வேலைக்கு வந்துடுதே!"

குஸ்தாஃப் அந்த வரிகளை இரண்டு முறை படித்தார். கடிதத்தை மடித்து உள்பைக்குள் வைத்தார். மழைக்கோட்டின் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.