அறுவைக்கு முன் ஒரு நோன்பு

நிஷ் நகரத்து ராடிசாவ் எழுபத்தெட்டு வயதுக்காரர். கிறிஸ்தவ நோன்பாகப் புதன், வெள்ளிகளில் பாலும் இறைச்சியும் தொடாதவர். இதய வால்வு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடியவேண்டுமென்று இம்முறை தினந்தோறும் நோன்பிருந்து, எலும்பும் தோலுமாக மகளுடன் மருத்துவமனைக்கு வந்தார்.

"என்ன தாத்தா, பாதி ஆளைக் காணோம்?" என்றார் மருத்துவர் வெஸ்னா.

"கடவுளுக்காகம்மா."

"இந்த வயசுல இவ்வளவு மெலிஞ்சா உடம்பு ஆபரேஷனைத் தாங்காது. எடை ஏறட்டும், அப்புறந்தான் கத்தியைத் தொடுவேன். உங்க பக்கத்து வீட்டு மிலுட்டின் பூசினாப்ல இருந்தாரு, இதே ஆபரேஷன் முடிஞ்சு சீக்கிரமே எழுந்து நடந்துட்டாரு."

"அவன் ஒருநாளும் நோன்பிருந்ததில்லையே!"

"அதான் பிழைச்சாரு."

ராடிசாவ் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை.

"போற வழியில பாலாடைக்கட்டி வாங்கிக்கலாம்மா" என்றார் மகளிடம். "இன்னைக்கே சாப்பிடுறேன்."