சரளா அழாமல் சொன்னது

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவள் பார்கவி. தொண்ணூற்றேழில் பெங்களூர் அல்சூரில் ஒரு நூலகத்தில் பழக்கமானாள். பள்ளியில் தமிழாசிரியை. நாடகாசிரியர் அய்யாவு இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டே நாடகம் எழுதியவர் அவர். பெண்கள் பேசுவதை அவரைப் போல் எழுத ஆளில்லை என்பார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கடித உறையைப் பிரித்தபோது பார்கவியின் விரல்கள் நடுங்க…'

வேண்டாம். டீ குடித்தபடியேதான் பிரித்தாளாம்.

2

கடிதம் மௌரீனுடையது. காக்ஸ் டவுனில் டைப்பிஸ்டாக இருந்துகொண்டே அய்யாவுவின் கதாநாயகியாக நடித்தவர். இப்போது கோவையில் மகன் வீட்டில். பார்கவி எதைக் கேட்டாலும் பக்கம் பக்கமாக எழுதி அனுப்புவார். 'கடைசிக் காட்சி வசனத்துக்கு ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டுவார்கள்' என்று இந்த முறை எழுதியிருந்தார்.

தொம்மலூரில் அய்யாவுவின் மனைவி சரளாவைப் பார்க்கப் போனபோது, அந்தக் கடிதம் பார்கவியின் பையில் இருந்தது. காட்டலாமா என்று தயங்கி, பிறகு காட்டினாள்.

(இந்த இடத்தில் சரளாவைப் பொறாமைக்காரியாக ஒரு பக்கம் எழுதி, கிழித்தேன். நடிகை என்றால் மனைவிக்கு ஆகாது என்று எழுதுவது சுலபம். சரளா கேட்டது வேறு.)

"அந்தம்மாவுக்கு இன்னும் டயலாக் ஞாபகம் இருக்குமா? நான் ஒரு டிராமா கூடப் பாத்ததில்ல. நீ முன்னால உக்காந்தா எனக்குக் கை கால் ஓடாதுன்னுவாரு. நானும் விட்டுட்டேன்."

3

மௌரீன் ஒரு கல்யாணத்துக்காகப் பெங்களூர் வந்தபோது, பார்கவி அவரைத் தொம்மலூருக்கு அழைத்துப் போனாள். காபி குடித்து முடித்ததும் மௌரீன் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு எழுந்தார். எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்து, அந்தக் கடைசிக் காட்சி வசனத்தைக் கண்ணீர் வழியச் சொன்னார்:

"நீ பேசுறதெல்லாம் ஊருக்கு. எனக்குன்னு ஒரு வார்த்தை மிச்சம் வச்சிட்டு வா."



"இது நான் சொன்னது," என்றார் சரளா. "குழந்தை வயித்துலயே போச்சு. நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். டிராமா பிராக்டிஸ் முடிச்சிட்டு லேட்டா வந்தாரு. அன்னிக்குச் சொன்னேன்."

மௌரீன் மெல்ல உட்கார்ந்தார். "அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது."

"உனக்கு எப்படித் தெரியும்? அழுதுகிட்டுதான் சொல்லுவியா?"

"அவர் அப்படித்தான் சொல்லச் சொன்னார்."

"நான் அழல. எனக்கு அப்போ அழுகையே வரல. இன்னொரு வாட்டி சொல்லு, பாக்கலாம். அழாம."

மௌரீன் சொன்னார். சரிவரவில்லை. சரளா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தானே ஒருமுறை சொல்லிக் காட்டினார், காய்கறிக்காரரிடம் பேசுவது போல, வெறும் குரலில். அதன் பிறகு மௌரீன் சொன்னது சரியாக வந்தது. பார்கவி பேனாவை மூடிவிட்டாள்.

4

'பெண் குரலின் கலைஞர்' என்று பார்கவி ஏற்கெனவே ஓர் அத்தியாயம் எழுதி வைத்திருந்தாள். அதை என்ன செய்வது? கிளம்பும்போது கேட்டாள்:

"அம்மா, இதைப் புத்தகத்துல போடலாமா?"

"அவரு என்னைக் கேக்கல. நீ கேக்குற," என்றார் சரளா. "யோசிச்சுச் சொல்றேன்."

பதில் வரும்வரை அச்சுக்குத் தர முடியாது என்று பதிப்பாளருக்கு எழுதிவிட்டாள் பார்கவி. அவர் கோபித்துக்கொண்டார். அவள் அசையவில்லை.

5

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சரளா, 'எழுதிக்கோம்மா, ஊர் தெரிஞ்சுக்கட்டும்' என்கிறார். இன்னொன்றில், 'அவரு பேரு கெட வேணாம், விட்டுடு' என்கிறார். இரண்டும் நன்றாகத்தான் வந்தன. கை தட்டல்கூடக் கிடைக்கலாம்.

இரண்டையும் அடித்துவிட்டேன். வசனமும் ஆஸ்பத்திரியும் இந்தப் பக்கங்களுக்கு வந்தாயிற்று. அதற்கு நான் யாரையும் கேட்கவில்லை. பதிலையாவது சரளாவிடமே விட்டுவிடுகிறேன். நீங்களும் அவர் வாயில் எதையும் வைக்காதீர்கள். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.