சோடிக்குத்தான் புள்ளி

தறியில் நூல் கோர்க்க இரண்டு பேர் வேண்டும். முன்னால் இருக்கிறவள் கம்பிக் கண்ணுக்குள் கொக்கியை விடுவாள். பின்னால் இருக்கிறவள் வரிசை பிசகாமல் இழையை எடுத்து அதில் மாட்டுவாள். அரசாங்கம் நெசவுக்கென்று பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து பயிற்சியும் சோடியாகத்தான், சோதனையும் சோடியாகத்தான். சட்டம் எழுதினவர்கள் சண்டையை நினைத்திருக்க மாட்டார்கள்.

நவமலரின் சோடி ஏறாவூர் நஸீறா. பள்ளிக்கூடம் இருக்கிற வந்தாறுமூலையிலிருந்து ஏறாவூர் நாலு கட்டைதான், நாலு மைல். போன வருசம் தமிழர், முஸ்லிம் என்று இரண்டு பக்கமும் சனம் செத்த பிறகு அங்கிருந்து ஒருவரும் வருவதில்லை, இங்கிருந்து ஒருவரும் போவதில்லை.

சான்றிதழ் கிடைத்தால் நெசவாசிரியை வேலை. கிடைக்காவிட்டால் அண்ணன் வீட்டு அடுப்படி.

மற்றச் சோடிகள் முடித்துவிட்டார்கள். டவுனிலிருந்து ஜீப்பில் வந்த சோதனை அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார்.

"நஸீறா வரேல்ல எண்டு போடுறன். வேற ஆரையும் சோடியா இருத்துங்க, பிள்ளை."

"வரேல்ல இல்ல சேர். வர ஏலாது," என்றாள் நவமலர்.

"எழுதேக்க ரெண்டும் ஒண்டுதான்."

தேத்தண்ணி ஊற்றும் அன்னப்பூரணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நான் எடுத்துத் தாறன் கா. நூல்தானே!"

தலையாட்டினால் போதும், சான்றிதழ் கைக்கு வந்துவிடும். நஸீறாவின் இடத்தில் அன்னப்பூரணியின் பெயர் ஏறும். நவமலர் தறிக்குப் பின்னால் வெறுமையாகக் கிடந்த வாங்குப் பலகையைப் பார்த்தாள்.

"வேணாம் அக்கா. நான் தனியக் கோர்க்கிறன்."

கொக்கியை விட்டாள். எழும்பித் தறியைச் சுற்றிப் பின்னால் போனாள். இழையை மாட்டினாள். திரும்பி வந்து இழுத்தாள். மறுபடியும் எழும்பினாள்.

"கோயில் சுத்துறா கா!" என்றாள் முடித்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த புஸ்பம். பெட்டைகள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. வெயில் வாசலை விட்டு இறங்கியபோதும் பாதி இழை மிச்சம்.

"தனியக் கோர்த்தாப் புள்ளி இல்ல, பிள்ளை. சோடிக்குத்தான் புள்ளி." அதிகாரி மதிப்பெண் தாளை மூடினார்.

"அப்ப என்ர சோடியக் கூட்டிவாங்க. ஜீப் உங்களிட்ட நிக்குது. நாலு கட்டை."

ஆமிச் சென்றியில் பாதையைப் பூட்ட முதல் அவர் டவுனுக்குப் போய்ச் சேர வேண்டும். தாள்களை அடுக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். பெட்டைகளும் போய்விட்டார்கள்.

"விசரி," என்றாள் அன்னப்பூரணி. "அந்தப் புள்ளைக்கு இது தெரியவும் போறல்ல. மறுகா ஆருக்காகக் கிடந்து சுத்தின?"

நவமலர் கொக்கியை அடுத்த கண்ணுக்குள் விட்டுவிட்டு, எழும்பிப் பின்னால் போனாள்.