மூன்றாம் வகை இஃப்

நோட்டு கைமாறிவிட்டது. இனி பிடுங்க முடியாது.

முத்துசாமி நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் வகுப்பு. சின்னப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சுகளில் நாற்பது ஆண்கள் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நாற்பது நோட்டையும் நானே திருத்தினா தீபாவளி வந்துடும். இன்னைக்குப் பக்கத்துல இருக்கவங்களோட மாத்திக்குங்க. அவங்களே திருத்தட்டும்."

மங்களம் டீச்சர் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்திலிருந்த சாகுல் ஹமீது முத்துசாமியின் நோட்டை இழுத்துக்கொண்டான்.

"குடுங்கண்ணே. இன்னைக்கு நான்தான் உங்களுக்கு வாத்தியார்."

அந்த நோட்டில் ஒரு வரி இருந்தது. உலகத்தில் வேறு யார் படித்தாலும் சாகுல் படிக்கக் கூடாத வரி.

போன வாரம் டீச்சர் கரும்பலகையை மூன்றாகப் பிரித்திருந்தார். முதல் வகை 'இஃப்', நடக்கக்கூடியது: மழை பெய்தால் குடை எடுத்துப் போவேன். இரண்டாம் வகை வெறும் கற்பனை: எனக்கு இறக்கை இருந்தால் பஸ் ஏற மாட்டேன்.

"மூணாவது முடிஞ்சு போனது. சீக்கிரம் கிளம்பியிருந்தால் பஸ்ஸைப் பிடித்திருப்பேன். ஆனா பஸ் போயிடுச்சு. நீங்க ரோட்டுல நிக்கிறீங்க. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

வகுப்பு சிரித்தது. முத்துசாமி சிரிக்கவில்லை.

"வகைக்கு ஒரு வாக்கியம் வீட்டுல எழுதிட்டு வாங்க. சொந்த வாழ்க்கையிலேர்ந்து எழுதணும். புத்தகத்தைப் பார்த்துக் காப்பி அடிச்சா எனக்குத் தெரிஞ்சுடும்."

சொந்த வாழ்க்கை! அங்கேதான் வந்தது வினை.

எட்டு மாதத்துக்கு முன்பு வரை இருவருக்கும் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை. கப்பலின் அடியில் சாகுல் பால் டின் பெட்டிகளைக் கயிற்றில் கட்டுவான். மேலே விளிம்பில் நின்று, பாரம் தூக்கும் விஞ்சு ஓட்டுபவனுக்குக் கை காட்டுவது முத்துசாமி. விஞ்சுக்காரனுக்குக் கீழே நடப்பது தெரியாது. கீழே இருப்பவனுக்கு மேலே தெரியாது. இரண்டு பேருக்கும் கண் முத்துசாமிதான்.

அந்தக் கண் ஒரு நொடி திரும்பியது. யாரோ கூப்பிட்டது போல் இருந்தது. கை மட்டும் 'தூக்கு, தூக்கு' என்று காட்டிக்கொண்டே இருந்தது. பாரம் விளிம்பில் மோதியது. கயிறு நழுவியது. பெட்டிகள் சரிந்ததில் ஒருவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

அவர்கள் கூட்டத்துக்கு மேலாளான மண்டோர் ஜமால் முகம்மது ஓடி வந்தார். "எவன்டா பண்ணது?"

"கட்டு சரியில்ல மண்டோர்," என்றான் முத்துசாமி.

மூன்றே வார்த்தை. சாகுலுக்கு அன்றைக்கே வேலை போயிற்று; முத்துசாமியின் வேலை தப்பியது.

இப்போது அவன் தன் மாமாவின் சரபத் கடையில் கிளாஸ் கழுவுகிறான். மனசு கேட்காமல் முத்துசாமிதான் அவனை இந்த வகுப்பில் சேர்த்துவிட்டான். அந்த நன்றிக்கு, கடைக்கு டீ குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் சாகுல் அவனைப் புகழ்ந்தான். ஒவ்வொரு புகழ்ச்சியும் முத்துசாமிக்குச் செருப்படி.

அந்த எரிச்சலில் எழுதிய வரிதான் அது. இஃப் ஐ ஹேட் டோல்ட் த ட்ரூத், மை ஃப்ரெண்ட் வுட் நாட் ஹேவ் லாஸ்ட் ஹிஸ் ஜாப். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் என் நண்பனுக்கு வேலை போயிருக்காது. தமிழில் எழுத அவனுக்குத் துணிச்சல் வந்திருக்காது. ஆங்கிலத்தில் எழுதியபோது வேறு யாரோ செய்த குற்றம் போல் இருந்தது. டீச்சர்தானே பார்க்கப்போகிறார், ஒரு டிக் போடுவார், தீர்ந்தது என்று நினைத்தான்.

சாகுலின் சிவப்புப் பென்சில் முதல் வரிக்கு டிக் போட்டது. இரண்டாவதுக்கும் போட்டது. மூன்றாவதில் நின்றது.

"அண்ணே, ட்ரூத்னா என்ன?"

முத்துசாமியின் நாக்கு அவனைக் கேட்காமலேயே புரண்டது. "சேதி, தம்பி. சமாசாரம்."

"ஓ! சேதிய முன்னாடியே சொல்லியிருந்தா ஃப்ரெண்டுக்கு வேலை போயிருக்காது. சரியா வருதுல்ல?" சாகுல் பெரிதாக ஒரு டிக் போட்டான். "பாவம்ணே அந்த ஆளு. என்னை மாதிரியே மாட்டிக்கிட்டான்."

முத்துசாமி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். தப்பித்துவிட்டான். தப்பித்தது மாட்டிக்கொள்வதைவிட அசிங்கமாக இருந்தது.

"நல்ல வாக்கியம் யார்கிட்டயாவது இருந்தா வாசிங்க," என்றார் டீச்சர்.

சாகுல் துள்ளி எழுந்தான். "எங்க அண்ணன் எழுதினது டீச்சர்!" என்று கணீரென்று வாசித்தான்.

"அருமை. மூணாவது வகைக்குக் கச்சிதமா இருக்கு. அர்த்தம் சொல்லுங்க பார்ப்போம்."

"நான் சேதிய முன்னாடியே சொல்லியிருந்தா..."

"சேதியா? யார் சொன்னது?"

"அண்ணன்தான். அவருக்குத் தெரியாததா டீச்சர்!"

பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: "எழுதுன ஆளுக்கே அர்த்தம் தெரியல லா!"

சிரிப்பு எழுந்தது. கூடவே முத்துசாமியும் எழுந்தான்.

"ட்ரூத்னா உண்மை. எனக்குத் தெரியும் டீச்சர். தெரிஞ்சேதான் மாத்திச் சொன்னேன்." சாகுலின் பக்கம் திரும்பினான், முகத்தைப் பார்க்க முடியவில்லை, சட்டைப் பொத்தானைப் பார்த்தான். "உன் கட்டு சரியாத்தான் இருந்துச்சு சாகுல். நான்தான் அன்னைக்குத் தலையைத் திருப்பினேன்."

சிரிப்பு அறுந்தது.

சாகுல் உட்கார்ந்தான். அந்த வரியை விரலால் தடவி, ஒவ்வொரு சொல்லாக மறுபடி படித்தான். இப்போது எல்லாச் சொல்லுக்கும் அவனுக்கு அர்த்தம் தெரியும்.

"எட்டு மாசம்," என்றான் மெதுவாக. "உங்களுக்காக துவா கேக்கச் சொன்னேன், எங்க உம்மாகிட்ட."

"தம்பி..."

"இங்கிலீஷ்ல எழுதி வச்சிருக்கீங்க. மண்டோருக்கு இங்கிலீஷ் தெரியாதே."

அவன் எழுந்து, நோட்டை முத்துசாமியின் மார்பில் அழுத்தினான். "மன்னிச்சுக்குங்க டீச்சர். நாங்க ரெண்டு பேரும் தஞ்சோங் பகாருக்குப் போகணும்."

பஸ்ஸில் சாகுல் முன்னால் உட்கார்ந்தான். முத்துசாமி கடைசி சீட்டில். சாகுலுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் பின்பக்கம் கையைக் காட்டி, "ஒண்ணா வந்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றான் சாகுல்.

அது முத்துசாமியின் காதிலும் விழுந்தது.

மண்டோர் கைலியோடு வீட்டுக் கதவைத் திறந்தார். "என்னடா, ரெண்டு பேரும் சேர்ந்தாப்புல?"

சாகுல் ஒதுங்கி நின்றான். முத்துசாமியின் தொண்டை வரை வந்த 'சொல்லியிருந்தால்' அங்கேயே நின்றது. அதை விழுங்கினான்.

"அன்னைக்குத் தப்பு பண்ணது நான் மண்டோர். இவன் கட்டுல ஒரு குறையும் இல்ல. நான் பொய் சொன்னேன்."

மண்டோர் அவனைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. அவனைப் பார்க்கவே இல்லை. சாகுலின் தோளில் கை வைத்தார்.

"உள்ள வா வாப்பா. டீ குடிச்சிட்டுப் பேசுவோம்."

சாகுல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். கதவு பாதி சாத்திக்கொண்டது. உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

முத்துசாமியை யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை. அவன் வாசலிலேயே நின்றான்.