லூசியாள் வாசல், அந்தோனியார் வாசல்

2024 ஓகஸ்ட் 10ஆம் திகதி, சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயத்தின் படிகளில் ஏழு பேர் கூடியிருந்தார்கள். பழைய கொழும்பை நடந்து சுற்றிப் பார்க்கும் நகர நடைக்குப் பெயர் பதிந்தவர்கள் ஒன்பது பேர்.

வராத இருவருக்காக வழிகாட்டி சுபோதினி கால் மணி நேரம் காத்திருந்தாள். இது அவளுக்குப் புதிதல்ல. சனிக்கிழமை நடைக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறவர்கள் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அன்றைக்கு அவளுடைய கவனமெல்லாம் வந்திருந்தவர்கள் மேல்தான் இருந்தது. முதல் நாள் மாலை வெள்ளவத்தை வீட்டில் தோசைக்கு மா கரைத்துக்கொண்டே அம்மா ஒரு செய்தியை அவிழ்த்திருந்தாள்.

"நாளைக்கு உன்ர நடைக்குத் தனஞ்சயன்ர ஆக்கள் வருவினம்."

"ஆர் ஆர்?"

"அதைச் சொல்ல மாட்டன். தற்செயலாப் பார்க்க விரும்பீனம். நீயும் தற்செயலா இரு."

அது ஆடி மாதம். ஆடியில் நல்ல காரியம் பேசக்கூடாது, பெண் பார்க்கக்கூடாது. ஆனால் தற்செயலாகக் கண்ணில் பட்டால் அது பெண் பார்த்தல் ஆகாது, ஆகவே ஆடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வழக்கமாக இந்தத் தற்செயல்கள் கோயில் வீதியில், தரகர் குறித்துக் கொடுத்த நேரத்தில் நடக்கும். இவர்கள் நகர நடையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சுபோதினிக்கு விளங்கியது. பிள்ளையைப் பார்ப்பதோடு பிள்ளையின் வேலையையும் பார்த்துவிடலாம்.

அந்த வேலைதான் சிக்கல். ஒரு தனியார் வங்கியில் குளிரூட்டிக்குக் கீழே இருந்தவள், மூன்று வருடங்களுக்கு முன் அதை விட்டுவிட்டு வழிகாட்டி அனுமதிப்பத்திரம் எடுத்தாள். அப்பா கனகசபாபதி ஒரு மாதம் அவளோடு கதைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த இரண்டு சம்பந்தங்களும் ஒரே சொல்லில் முறிந்தன. "வெயிலுக்குள்ள மாடு மாதிரிச் சனத்தைச் சாய்ச்சுக்கொண்டு திரியிற பிள்ளையாம்." அவள் கவலைப்படவில்லை. ஆனால் இப்போது தரகர் கொண்டுவந்த மாப்பிள்ளை தனஞ்சயனோடு இரண்டு தடவை தொலைபேசியில் கதைத்திருந்தாள். அவன் பகிடிக்கு உடனே சிரிக்க மாட்டான். இரண்டு விநாடி கழித்து, இவள் வேறு விஷயத்துக்குப் போன பிறகு, திடீரென்று வெடிப்பான். அந்த இரண்டு விநாடி அவளுக்குப் பிடித்துப் போயிருந்தது. "வேலையை விடச் சொல்லுவீங்களோ?" என்று கேட்டபோது, "நான் சொல்ல மாட்டன். அம்மாவைத்தான் எனக்குத் தெரியாது" என்றான். சொந்த அம்மாவைத் தெரியாது என்கிற மனிதன் பொய் சொல்ல மாட்டான் என்று அவளுக்குப் பட்டது. வேலையும் வேண்டும், அவனும் வேண்டும். எல்லாம் இன்றைய நடையில் இருந்தது.

ஏழு பேரில் ஆட்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. ஒரு ஜேர்மன் தம்பதியைக் கழி. ஒரே காரியாலயத்தில் வேலை செய்யும் மூன்று பெண்களைக் கழி. மிச்சம், பட்டியலில் இராசரத்தினம் என்று பெயர் கொடுத்தவரும் மனைவியும். அவர் தோய்த்து அழுத்திய வெள்ளைச் சேட்டோடும், அந்த அம்மா பருத்திச் சேலையும் புதுச் சப்பாத்துமாகவும் நின்றார்கள். தரகர் தந்த குறிப்பில் 'ஆர். தனஞ்சயன்' என்று இருந்தது. இராசரத்தினத்துக்கும் ஆர்தான். கணக்குச் சரி.

உடனே அவளுக்குள்ளிருந்து அடக்கமான இன்னொரு பிள்ளை எழும்பி வந்தாள். அந்தப் பிள்ளை சால்வையைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டாள். வழக்கமாகப் படியின் உச்சியில் ஏறி நின்று, பேராலயத்தின் குவிமாடத்தைக் காட்டி, துறைமுகம் வரைக்கும் கேட்கிற குரலில் தொடங்குகிறவள், அன்றைக்குக் கீழ்ப்படியில் நின்று செய்தி வாசிப்பது போல மெல்லக் கதைத்தாள். பின்னால் நின்ற மூன்று பெண்களுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஜேர்மன்காரர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டார்.

ஜம்பட்டா வீதியில் இறங்கி நடக்கும்போது இராசரத்தினத்தின் மனைவி பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள்.

"பிள்ளைக்குச் சொந்த ஊர்?"

"அப்பா கரவெட்டி, அன்ரி. அம்மா உரும்பிராய்."

"எத்தினை சகோதரம்?"

"நான் ஒராள்தான்."

"கலியாணம்?"

வந்துவிட்டது. "இன்னும் இல்லை அன்ரி" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"சமையல் எல்லாம் செய்வியோ?"

"ஓம் அன்ரி. ஒடியல் கூழ் எல்லாம் வைப்பன்." வாழ்நாளில் அவள் பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் அந்தக் கூழை வைத்ததில்லை. குடித்ததுண்டு.

"நல்லது, நல்லது" என்று அந்த அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஒரு பழைய வீட்டு மரப்பலகணியை ஆவென்று பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று பெண்களில் ஒருத்தி மற்றவளிடம் சிங்களத்தில், இதற்கு யூடியூப் பார்த்திருக்கலாம் என்றாள். சுபோதினிக்கு அது நன்றாகக் கேட்டது. முகம் சுட்டது. ஆனாலும் சால்வையைக் கழற்றவில்லை.

வுல்பெண்டால் மேட்டில் ஒல்லாந்தர் தேவாலயத்துக் காவற்காரர் திறப்புக் கோர்வையோடு நின்றார். "மிஸ், அத ஹரி பரக்குய்னே" என்று, தாமதத்துக்குச் சின்னதாய் ஒரு குறை சொல்லிக்கொண்டே பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார். அப்போதுதான் அவளுடைய தொலைபேசி அடித்தது.

"ஹலோ, அந்த நடந்து பார்க்கிற ரூர்க்காரரோ?"

"ஓம், சொல்லுங்கோ."

"என்ன சொல்லுறது? எட்டேகாலில இருந்து கோயில் வாசலிலை நிக்கிறம். ஒரு குஞ்சுகுருமனைக் காணேல்லை. மெழுகுதிரி விக்கிற பிள்ளையோட சிநேகிதமாகி, அவளின்ர கதை முழுக்கக் கேட்டு முடிச்சிட்டன்."

"எந்தக் கோயில், அன்ரி?"

"நீங்கள்தானே எழுதி அனுப்பினனீங்கள், கொட்டாஞ்சேனைப் பெரிய கோயில் எண்டு? அந்தோனியார் கோயிலை விட்டா வேற எது பெரிய கோயில்?"

சுபோதினி கண்ணை மூடிக்கொண்டாள். தமிழ் அறிவித்தலை எழுதியது அவள்தான். யாழ்ப்பாணத்தில் ஆயர் இருக்கும் பேராலயத்தைப் பெரிய கோயில் என்பார்கள். அந்தப் பழக்கத்தில் லூசியாளையும் பெரிய கோயில் என்று எழுதிவிட்டாள். வெள்ளவத்தையிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் நேர்த்தி வைக்க வருகிற சைவச் சனத்துக்கு, கொட்டாஞ்சேனைப் பக்கம் பெரிய கோயில் என்றால் கொச்சிக்கடை அந்தோனியார் ஒருவர்தான். லூசியாளை அவர்கள் பஸ்ஸிலிருந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"பிழை என்ரதான் அன்ரி. உங்கட பேர்?"

"சிவக்கொழுந்து. என்னோட தங்கச்சி நளாயினியும் நிக்கிறா."

பின்னாலிருந்து இன்னொரு குரல் பாய்ந்தது. "அக்கா! பேரைச் சொல்லாதேங்கோ எண்டு தனஞ்சயன் எவ்வளவு சொன்னவன்! தற்செயல் எண்டெல்லே கதைச்சது!"

"பேர் சொல்லாமல் என்னெண்டு கூட்டிக்கொண்டு போறது? நீ சும்மா இரு."

சுபோதினி மெல்லத் திரும்பிப் பார்த்தாள். இராசரத்தினத்தின் மனைவி படியில் உட்கார்ந்து புதுச் சப்பாத்தைக் கழற்றிக் காலை ஊதிக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு அம்மா. தமிழ்ப் பிள்ளை ஒன்றைக் கண்டால் ஊர், சகோதரம், கலியாணம், சமையல் என்று வரிசையாகக் கேட்கிற எந்தவொரு அம்மாவும்தான். இவளுக்காக ஒரு மணித்தியாலம் கூழ் காய்ச்சியாகிவிட்டது.

"அன்ரி, ஒரு ஓட்டோ பிடிச்சு இஞ்ச வாங்கோவன். அஞ்சு நிமிசம்."

"என்ர முழங்காலுக்கு மேடு சரிவராது பிள்ளை. நீர் அவையளை இஞ்சாலை கூட்டிக்கொண்டு வாருமன். அங்கை என்ன கிடக்கு?"

அங்கே என்ன கிடக்கு என்பதை யோசிக்க அவளுக்கு ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. திறந்த கதவு கிடந்தது. ஏழு பேர் நின்றார்கள், இதுவரை அவளிடமிருந்து எதையும் ஒழுங்காகக் கேளாதவர்கள். இதையும், அடுத்த கருங்கற் சிவன் கோயிலையும் வெட்டிவிட்டால் பத்து நிமிடத்தில் அந்தோனியார் வாசல். தனஞ்சயனின் அம்மா வெயிலில் நிற்கமாட்டாள். யாரும் முறைப்பாடு செய்யவும் மாட்டார்கள். அந்த மூன்று பெண்கள் சந்தோஷப்படுவார்கள்.

"அன்ரி, இஞ்ச இன்னும் ரெண்டு இடம் இருக்கு. முடிச்சுப்போட்டுத்தான் வருவன். ஒரு மணித்தியாலம் ஆகும். வெயிலுக்குள்ள நிக்காமல் உள்ளுக்குப் போய் இருங்கோ."

மறுமுனையில் சிவக்கொழுந்து, "ஒரு மணித்தியாலமாம்" என்று தங்கச்சிக்குச் சொல்வது கேட்டது. தொடர்பு அறுந்தது.

அதற்குப் பிறகு இழக்க ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. சால்வையைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். தேவாலயத்தின் நடுவில் போய் நின்று, "எல்லாரும் குனிஞ்சு பாருங்கோ, ஆருக்கு மேல நிக்கிறீங்கள் எண்டு" என்று முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் சத்தமாகச் சொன்னாள். சனம் ஒரே நேரத்தில் காலைத் தூக்கியது. தரை முழுக்கக் கல்லறைக் கற்கள், குலச் சின்னங்களும் கப்பல்களும் மண்டையோடுகளும் செதுக்கப்பட்டவை. ஒல்லாந்தர் எவ்வளவு பயந்திருந்தால் கதவு நிலையில் ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற தடிப்புக்குச் சுவர் எழுப்பியிருப்பார்கள் என்று கேட்டு, ஜேர்மன்காரரையே அதில் சாய்த்துக் காட்டினாள். மூன்று பெண்களும் தொலைபேசியைப் பைக்குள் போட்டார்கள். கருங்கற் கோயிலில் தூண்களின் சிற்பத்தைத் தொட்டுத் தொட்டு அவள் சொல்லிக்கொண்டு போக, பூசைக்கு வந்த இரண்டு பேர் கூடவே இழுபட்டு வந்தார்கள்.

"இப்பதான் பிள்ளைக்கு உயிர் வந்திருக்கு" என்றாள் இராசரத்தினத்தின் மனைவி. "காலமை என்ன, காய்ச்சலோ?"

"ஓம் அன்ரி. இப்ப விட்டிட்டுது."

அந்தோனியார் வாசலில் பைகளைக் காவலரிடம் திறந்து காட்டிவிட்டு உள்ளே போனபோது, சிவக்கொழுந்து ஒரு நீள மர வாங்கில் நிறைந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒல்லியாக, கண்ணாடி போட்ட நளாயினி. படத்தில் கண்ட தனஞ்சயனின் மூக்கு அப்படியே இருந்தது, அம்மா இவள்தான். ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாகிவிட்டது. நளாயினி சுபோதினியை மேலிருந்து கீழே பார்த்தாள். வியர்த்து ஒட்டிய சட்டை, தூசி பிடித்த சப்பாத்து, கருகிய முகம். எழுந்து குழுவோடு சேர்ந்துகொண்டாள். ஜேர்மன் பெண் கூரையை அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு, தெளிவான ஆங்கிலத்தில், இது போர்த்துக்கேயர் கட்டிய கோயில் என்று எடுத்துச் சொன்னாள்.

அது பிழை என்று சுபோதினிக்குத் தெரியும். விட்டுவிடலாம். ஜேர்மன்காரி ஊருக்குப் போய்ப் பிழையாகச் சொன்னால் கொழும்புக்கு என்ன குறைந்துவிடும்?

"இல்லை, அன்ரி. போர்த்துக்கேயர் போன பிறகுதான்."

நளாயினி திரும்பினாள். சிவக்கொழுந்து வாங்கிலிருந்து முன்னுக்குச் சாய்ந்தாள்.

"ஒல்லாந்தர் ஆண்ட காலம். கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. ஒளிச்சுத் திரிஞ்ச ஒரு குருவானவர், கடற்கரைக்காரர் கேட்டதுக்காக இங்க சிலுவை நட்டவர் எண்டு கதை. கடல் பின்வாங்கினதாம். முதல்ல மண்ணால கட்டின சின்னக் கோயில்தான். இந்தக் கட்டடம் எல்லாம் பிறகு வந்தது."

"நிச்சயமோ?"

"நிச்சயம், அன்ரி. கடல் பின்வாங்கினதுக்கு மட்டும் நான் பொறுப்பில்லை."

இரண்டு விநாடி நளாயினியின் முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு திடீரென்று வெடித்துச் சிரித்தாள். ஜேர்மன் பெண்ணின் கையைப் பிடித்து, நான் சொன்னது பிழை, இந்தப் பிள்ளை சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள் என்றாள்.

"நாங்கள் ஆர் எண்டு பிள்ளைக்குத் தெரியுமோ?" என்று சிவக்கொழுந்து கேட்டாள்.

"தெரியாது, அன்ரி. தற்செயலாத்தானே சந்திச்சிருக்கிறம்."

"கெட்டிக்காரி" என்றாள் சிவக்கொழுந்து, அது புகழ்ச்சியா குற்றச்சாட்டா என்று காட்டிக்கொள்ளாமல்.

நடையின் கடைசிப் பகுதி செட்டியார் தெரு. ஒரு நகைக்கடையின் மேல்மாடியில், குறட்டால் கம்பியை வளைத்து நெளிமோதிரம் செய்கிற பட்டறையை எல்லோருக்கும் காட்டிவிட்டுக் கீழே இறங்கினார்கள். மற்றவர்கள் கண்ணாடிக்குள் மினுங்குவதைப் பார்த்து முன்னும் பின்னுமாகச் சிதறினார்கள். நளாயினி அவள் பக்கத்தில் வந்தாள்.

"கலியாணம் கட்டினாலும் சனி ஞாயிறு இதே வேலைதானோ?"

ஒரு பார வண்டி ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை சுபோதினி பொறுத்தாள்.

"ஓம், அன்ரி. சனம் வாறது அந்த ரெண்டு நாளும்தான். விட மாட்டன்."

நளாயினி இரண்டு மூன்று கடைகளைத் தாண்டினாள். பிறகு, பின்னால் முழங்காலைப் பிடித்துப் பிடித்து வந்த தமக்கையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, அப்ப வேலைநாளிலைதான் நாள் பார்க்கோணும்."

"முதல்ல ஆடி முடியட்டும்! வாயை மூடிக்கொண்டு நட" என்றாள் சிவக்கொழுந்து.

2025 பெப்ரவரி 10ஆம் திகதி, திங்கட்கிழமை, வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் கலியாணம் நடந்தது. வேலைநாள் என்பதால் சனம் குறைவு, சாப்பாடு மிஞ்சியது.