சேசிஸ் பிரிண்ட்

பிரேக் இன்ஸ்பெக்டர் முதல் வண்டியின் அடியில் குனிந்தபோதே சரிதா முன்னால் எத்தனை வண்டி என்று எண்ணிப் பார்த்தாள். இவர்களுடையது மூன்றாவது வண்டி. முன்னால் ஒரு தண்ணீர் லாரி, அதற்கும் முன்னால் ஒரு ஸ்கூல் வேன். ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. வாங்க வண்டியைக் காட்டுகிற அந்தப் பொட்டல் மைதானத்தில் பத்தரை மணிக்கே வெயில் சுள்ளென்று இருந்தது. புருஷன் ஜீவானந்தமோ எதுவும் நடக்காதது போல மஞ்சள் துணியை வைத்துக்கொண்டு பானெட்டை நாலாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தான். "நீ வர வேணாம், வெயில்ல நிக்கணும்" என்று காலையில் இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். இவள்தான் ஸ்கூலுக்கு சி.எல். போட்டுவிட்டு வம்படியாக வந்து ஏறினாள். வழியில் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்பது திட்டம். அஸ்தினாபுரத்திலிருந்து இங்கே வருவதற்குள் ஏழு சிக்னல். ஏழிலும் வாயைத் திறந்தாள், ஏழிலும் மூடிக்கொண்டாள்.

எண்பத்தொன்பது மாடல் சின்ன பிக்கப் அது. கோவளத்துப் பக்கம் முத்தாலம்மாள் என்கிற மீன்காரம்மா குடும்பம் இருபது வருஷத்துக்கு மேல் மீன் ஏற்றிய வண்டி. ஐஸ் தண்ணியும் உப்புத் தண்ணியும் ஒழுகி ஒழுகி அடிச்சட்டமெல்லாம் துரு ஏறி, கடைசியில் சவுக்குத் தோப்பில் கோழிகளுக்கு வீடாகக் கிடந்தது. ஜீவானந்தம் அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரி இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. காட்டாங்குளத்தூர் காலேஜில் மெக்கானிக்கல் லேபில் வேலை அவனுக்கு. வாரத்தில் ஆறு நாள் இரும்போடு இருந்துவிட்டு ஏழாவது நாளும் இரும்பா என்று சரிதா கேட்டாள். கேட்டு என்ன பிரயோஜனம்? மூன்று வருஷம், ஒரு ஞாயிறு விடாமல், வீட்டுப் பக்கத்துச் சந்தில் அதன் கீழேயே படுத்துக் கிடந்தான். கதவு ஒரு இடத்தில் கிடைத்தது, கண்ணாடி ஒரு இடத்தில், வட்ட ஹெட்லைட்டுக்காகத் திண்டிவனம் வரை போய்விட்டு வந்தான். சரிதா அதற்கு வைத்த பெயர் சக்களத்தி. "உங்க சக்களத்திக்கு ஆயில் வாங்கணுமாம், போன் வந்துச்சு" என்பாள். முதலில் விளையாட்டாகத்தான் சொன்னாள்.

அரைப்பரீட்சை லீவில் ஒரு நாள் விளையாட்டு வினையாகிவிட்டது. "அந்தத் துருப்பிடிச்ச சனியன்கிட்ட பேசுற பேச்சுல பாதி என்கிட்ட பேசியிருந்தா நான் மனுஷியா இருந்திருப்பேன்" என்று கத்தினாள். அவன் பதில் பேசவில்லை. பேசியிருந்தால்கூட ஆறியிருக்கும். மறுநாள் விடியற்காலையில் திருச்சிக்கு எக்ஸாம் டியூட்டி என்று கிளம்பிப் போனான், இரண்டு நாள். வீடு வெறிச்சென்று இருந்தது. மத்தியானம் ஜன்னல் வழியே அந்த வண்டியைப் பார்த்தாள். பாவம், அதுவும் தன்னைப் போல அவனுக்காகத்தானே நின்றுகொண்டிருக்கிறது என்று தோன்றியது. ஒரு பழைய நைட்டியை மாட்டிக்கொண்டு, தலைக்குத் துண்டு கட்டி, அவன் வேலைக்குப் போடுகிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரும்பு தேய்க்கிற கிரைண்டரை எடுத்தாள். அவன் எப்படிப் பிடிப்பான் என்று மூன்று வருஷமாகப் பார்த்தவள்தானே. சட்டத்தில் மிச்சமிருந்த துருவை முழுக்கத் தேய்த்துவிடுவோம், வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று நினைத்தாள்.

தேய்த்தாள். காது அடைத்தது, கை மரத்தது, ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. மற்ற இடத்துத் துருவெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டது. வலது முன்சக்கரத்துக்குப் பின்னால், ஒரு சாண் நீளத்துக்கு வரிசையாக உட்கார்ந்திருந்த துரு மட்டும் அடம் பிடித்தது. பள்ளம் பள்ளமாக இருந்தது. விடுவாளா? அழுத்திப் பிடித்து, அரைமணி நேரம், கன்னம் மாதிரி வழவழவென்று ஆக்கிவிட்டுத்தான் எழுந்தாள். மேலே பிரைமர், அதற்கு மேல் கறுப்பு பெயிண்ட். திரும்பி வந்த ஜீவானந்தம் வண்டிக்குக் கீழே போய் வெகுநேரம் படுத்திருந்தான். வெளியே வந்து, "நல்லா பண்ணியிருக்க" என்று அவள் தலையில் ஒட்டியிருந்த பெயிண்டைத் தொட்டான். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு தொடுதல் நடந்ததில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் இடி விழுந்தது. பீர்க்கன்கரணையில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் துளசிங்கம் பிரேக் பார்க்க வந்திருந்தார். ஜீவானந்தம் காலேஜில் இருந்தான். குனிந்து பார்த்த துளசிங்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாக்கா இது, சேசிஸ் நம்பர் எங்க போச்சு? இங்கதான குத்தி இருக்கும்?"

"எது?"

"நம்பர்க்கா. பேப்பர வச்சு பென்சில் தேய்ச்சு எடுப்பாங்களே. அது இல்லாங்காட்டி வண்டி ஏதுன்னே தெரியாது. திருட்டு வண்டின்னு எழுதிட்டுப் பூடுவான். புச்சா நம்பர் குத்தினா அத்தவிட பேஜாரு, புடிச்சு உள்ள வச்சுருவான். நாம அந்த வேலைக்கே போறதில்ல." எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "அண்ணன் கையில சொல்லுங்க. நான் எதுவும் பாக்கல."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற டீச்சருக்கு இரும்பில் இருந்தது எண் என்று தெரியவில்லை, துரு என்று நினைத்துத் தொலைத்துவிட்டாள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. சொன்னால் அவன் என்ன செய்வான்? திட்டமாட்டான், அதுதான் பயம். மறுபடியும் பேசாமல் போய்விடுவான். தலையைத் தொட்ட கை திரும்ப வராது.

தண்ணீர் லாரி நகர்ந்தது.

"ஏங்க, ஒரு விஷயம்..."

"அப்புறம் சொல்லு சரிதா."

"இல்ல, இப்பவே சொல்லணும்."

"அப்புறம்" என்றான். குரல் உயரவில்லை, ஆனால் அவன் கையில் இருந்த மஞ்சள் துணி இறுகிப் போயிருந்தது. இவனுக்கும் பயம்தான் போல என்று நினைத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி, கக்கத்தில் ஃபைல். வண்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததுதான் கொடுமை. "அட, எங்க ஊர்ல டாக்டர் ஒருத்தர் இது வச்சிருந்தார்" என்றார். ஹாரன், இண்டிகேட்டர், வைப்பர் எல்லாம் ஆயிற்று. ஓட்டச் சொல்லி பிரேக் பிடிக்கச் சொன்னார், வண்டி பிசகாமல் நின்றது. "சரி, சேசிஸ் பிரிண்ட் எடுங்க."

சரிதா கண்ணை மூடிக்கொண்டாள். ஐயோ சாமி. ஜீவானந்தம் மண்டி போடுகிற சத்தம், காகிதம் சரசரக்கிற சத்தம், பென்சில் தேய்கிற சத்தம். இப்போது கேட்பான், எங்கே போச்சு நம்பர் என்று. கேட்கவில்லை. கண்ணைத் திறந்தாள். காகிதத்தில், கறுப்புக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாக, ஓர் எழுத்துகூடப் பிசகாமல் எண் வந்திருந்தது.

அவள் காகிதத்தை இன்னொரு முறை பார்த்தாள். தன் கையாலே வழித்தெடுத்த இடம் அது. புருஷனைப் பார்த்தாள், அவன் இவள் பக்கம் திரும்பவே இல்லை. திருச்சியிலிருந்து வந்த அன்று அத்தனை நேரம் கீழே படுத்திருந்தானே, நல்லா பண்ணியிருக்க என்றானே, அப்போதே தெரிந்துவிட்டது அவனுக்கு. லேபில் பிள்ளைகள் செய்கிற இரும்புத் துண்டுகளில் ரோல் நம்பர் குத்துவதே அவன் வேலை. எழுத்துக்கும் எண்ணுக்குமான அச்சும் சுத்தியலும் அவன் மேஜை டிராயரில்தான் இருக்கும். துளசிங்கம் பார்த்துவிட்டுப் போன இந்த மூன்று வாரத்தில், அவள் ஸ்கூலில் இருந்த ஏதோ ஒரு நேரத்தில் குத்தியிருக்கிறான். அடப்பாவி மனுஷா, எனக்காகவா இதைச் செய்தாய் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். சந்தோஷமா பயமா என்று பிரிக்க முடியவில்லை. பிடிபட்டால் வண்டி மட்டுமா போகும், வேலையும் போகும், கையில் விலங்கும் ஏறும்.

"முப்பத்தஞ்சு வருஷ வண்டி, மீன் ஏத்துன வண்டின்னு சொல்றீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "நம்பர் மட்டும் நேத்து அடிச்ச மாதிரி இருக்கே சார்?"

"நல்லா க்ளீன் பண்ணி பெயிண்ட் அடிச்சேன் சார்."

"யாரு பண்ணது? ஷெட்லயா?"

"நான்தான் சார். எல்லாமே நான்தான்." எல்லாமே என்ற வார்த்தையை அவன் கொஞ்சம் அழுத்திச் சொன்னான்.

இன்ஸ்பெக்டர் ஃபைலை எடுத்துப் பானெட்டின் மேல் விரித்தார். முதல் முதலில் வண்டியைப் பதிந்தபோது எடுத்த பிரிண்ட் அதில் இருந்தது. ஒட்டியிருந்த செல்லோடேப் காய்ந்து உதிர்ந்துபோய், மஞ்சள் காகிதத்தில் பென்சில் கரி மட்டும் தங்கியிருந்தது. புதிய பிரிண்டைப் பக்கத்தில் வைத்தார். ரோட்டில் போன பஸ் கிளப்பிய காற்றில் இரண்டும் படபடத்தன.

"மேடம், இதக் கொஞ்சம் புடிங்க."

சரிதா பழைய காகிதத்தின் ஓரத்தைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு எண் எண்ணாக ஒப்பிட்டாள், விடைத்தாள் திருத்திப் பழகிய கண் அல்லவா. இரண்டு எழுத்து சரி. ஏழு சரி. ஒன்று சரி. கடைசிக்கு முந்தின இடத்தில் மூன்று. புதியதில் மூன்றின் தலை உருண்டையாக இருந்தது. பழையதில் தலை தட்டை, மேலே ஒரு கோடு இழுத்து மடித்த மூன்று. எந்தக் குழந்தையும் கண்டுபிடித்துவிடும்.

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தார். வாயால் ஊதினார். சட்டை நுனியால் ஒரு பக்கம் துடைத்தார், அப்புறம் மறு பக்கம். சரிதாவின் கட்டைவிரல் காகிதத்தின் ஓரத்திலிருந்து மெல்ல ஊர்ந்து அந்தத் தட்டைத் தலை மூன்றின் மேல் போய் உட்கார்ந்தது. விரல் வியர்வையில் நனைந்திருந்தது. பானெட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜீவானந்தம் இப்போதுதான் அவளைப் பார்த்தான், வேண்டாம் என்று தலையை அசைத்தான்.

"விரல எடுங்க மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்த எண்ணின் பழைய அச்சு இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடம் அந்தக் காகிதம்தான். அவள் விரலுக்கு அடியில் பென்சில் கரி ஈரமாகி, லேசாக வழுக்க ஆரம்பித்திருந்தது. தூக்கினால் மூன்று இருக்கும், இழுத்தால் இருக்காது. இன்ஸ்பெக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.