குழாயடி மருத்துவ அறை

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் பொம்மை செய்யும் அந்தத் தொழிற்சாலையில், மருத்துவ அறை மேலாளர் தனபாலின் கண்ணாடி அறையை ஒட்டி இருந்தது. கையில் வெட்டுப்பட்டவர்கள் மட்டும் வந்தார்கள். இருமலுக்கு யாரும் வரவில்லை. "நம்ம ஆளுங்களுக்கு ஒரு நோவும் கெடையாது" என்று தனபால் சொல்லிக்கொள்வார்.

நர்ஸ் ஷமீனா மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருபவள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவளுக்குக் கேட்டதெல்லாம் குழாயடி இருமல்தான். காய்ந்த பொம்மைகளின் பிசிறைச் சுரண்டும் சிந்தாமணியுடையது அது. புருவத்திலும் வெள்ளைத் தூசி படிந்திருக்கும் அவளுக்கு.

"ஏங்க்கா, ரூமுக்கு வரலாம்ல?"

"ஐயா மூஞ்சியத் தாண்டித்தான வரணும் நர்ஸம்மா? முன்ன எங்கூடச் சுரண்டுன ராஜம்மா இருமுதுன்னு வந்துச்சு. வூட்ல ரெஸ்ட் எடுன்னாரு. இன்னமும் ரெஸ்ட்டுதான் எடுக்குது."

ஷமீனா சிரித்துவிட்டாள். வீடு திரும்பும்போது அந்தச் சிரிப்பு அவளை உறுத்தியது.

குழாயடியை ஒட்டி, பொம்மை அச்சுகள் வைத்திருந்த பழைய அறைக்கு மேசையை மாற்றிக்கொள்ளக் கேட்டாள். இடம் மிச்சம் என்று தனபால் சம்மதித்தார். கை கழுவ வந்தவர்கள் அப்படியே உள்ளே நுழைந்தார்கள். கடைசியாகச் சிந்தாமணி வந்தாள். அவள் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஷமீனா நெடுநேரம் கேட்டாள்.

"எக்ஸ்ரே எடுக்கணுங்க்கா."

"எடுத்தா வேலை போயிடும்."

அன்று மாலை தனபால் கூப்பிட்டார். "நீ எடம் மாத்துனதும் எல்லாருக்கும் நோவு வந்துடுச்சேம்மா!"

"முன்னயே இருந்துச்சு சார். இப்பத்தான் சொல்றாங்க. சுரண்டுறவங்கள்ல ஒருத்தருக்கு நெஞ்சு சரியில்ல."

"யாரு? பேரச் சொல்லு."

பேரைச் சொன்னால் சிந்தாமணியும் ராஜம்மாவைப்போல வீட்டில் இருப்பாள். சொல்லாவிட்டால் அந்தத் தூசியிலேயே இருப்பாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஷமீனா தனபாலின் மேசை விளிம்பை விரலால் தடவினாள். விரல் தூசியில் வெளுத்தது.

"எல்லாரையும் எக்ஸ்ரேவுக்கு அனுப்புங்க சார். அப்ப பேரே வேணாம். எது வந்தாலும் யாரையும் நிறுத்தக் கூடாது. சுரண்டுறதுக்குப் பதிலா ஈரப் பஞ்சால தொடைக்கச் சொல்லலாம்."

தனபால் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும்னா?"

"இந்த ரூமுக்கும் அதே காத்துதான சார்."

தனபால் தானும் மேசையைத் தடவி விரலைப் பார்த்துவிட்டு, "சரி, யாரையும் நிறுத்தல. வேனுக்குச் சொல்லிடு" என்றார்.

வியாழக்கிழமை தனபால் வேனின் முன்சீட்டில் உட்கார்ந்தார். "ஐயாவும் சட்டையக் கழட்டணுமா?" என்று பின்னால் யாரோ கேட்க, வேனே சிரித்தது. சிந்தாமணி, வீட்டிலிருந்து கூட்டி வந்த ராஜம்மாவைக் கைபிடித்து ஏற்றித் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். சிரிப்பு நின்றது.

தனபால் திரும்பிப் பார்த்தார். பிறகு முன்பக்கம் திரும்பி, டிரைவரிடம் "எடுப்பா" என்றார். வேன் கிளம்பியது.